டோப்பமின் ஏற்பி ஜீன்களும் மனச்சிதைவு நோயும்

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவியர்

சென்ற அறிவியல் கண்காட்சியில் எங்கள் பிரிவுக்கு வந்த தலைப்பு "மூளையும் மரபும்" என்பது. தெர்மோகோலில் மூளை செய்து, அதனுள் சிவப்பும் பச்சையுமாகச் சிறு விளக்குகள் பொருத்தி, பின்புறம் பெரிய அட்டை ஒன்றை மாட்டியிருந்தோம். அட்டையின் உச்சியில் சிவப்பு மையால், கொட்டை எழுத்துக்களில், "மனச்சிதைவு நோயை உண்டாக்கும் ஜீன் - டி.ஆர்.டி.2" என்று எழுதியிருந்தோம். பார்த்தவர் எல்லாரும் பாராட்டினர். இரண்டாம் பரிசும் கிடைத்தது.

பிற்பகலில் ஓர் அம்மா வந்தார். மற்றவர்கள் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு நகர்ந்தபோது, அவர் மட்டும் அட்டையை வரிவரியாகப் படித்தார். பிறகு, "இது குடும்பத்திலே வருமா, பாப்பா?" என்று கேட்டார். எங்களுள் ஒருத்தி, மனப்பாடம் செய்ததை மறக்குமுன் சொல்லிவிட வேண்டும் என்ற வேகத்தில், "ஆமாம் அம்மா, ஜீன் வழியாகத்தான் வரும். ரத்த சம்பந்தம் உள்ளவர்களுக்கு வரும்" என்று ஒப்பித்தாள். அந்த அம்மா சற்று நேரம் பேசாமல் நின்றார். "எங்க அக்காவுக்கு இருபது வருஷமா இந்த வியாதிதான். எம் பொண்ணு இங்கதான் படிக்கிறா" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

மாலையில் அட்டையைப் பார்த்த எங்கள் உயிரியல் டீச்சர், "இந்த வரியை எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்றார். பழைய குறிப்பேடு ஒன்றிலிருந்து எடுத்தோம் என்றோம். "அந்த அம்மாவுக்கு நீங்கள் சொன்ன பதில் சரிதானா என்று இந்த விடுமுறையில் படித்துப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். படித்துப் பார்த்தோம். நாங்கள் சொன்னது தவறு. எங்கே தவறு என்பதைத் தோழியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். மனச்சிதைவு நோய்க்கு ஸ்கிட்சோஃப்ரினியா என்ற பெயரை 1908இல் சூட்டியவர் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஆய்கன் பிளாய்லர். பிளவுபட்ட மனம் என்பது அச்சொல்லின் பொருள். இதனால், ஒருவரே இருவராக நடந்துகொள்வார் என்று திரைப்படங்கள் நம்மை நம்ப வைத்துவிட்டன. அது முற்றிலும் வேறு நோய். இந்நோயில் பிளவுபடுவது எண்ணமும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று இணைந்து செல்லும் ஒழுங்கு. யாரும் பேசாதபோது குரல் கேட்கிறது. அடுத்த வீட்டார் தனக்கு எதிராகச் சதி செய்கின்றனர் என்ற உறுதியான நம்பிக்கை பிறக்கிறது. பேச்சு கோவையின்றிப் போகிறது. இவை வெளியே தெரிபவை. தெரியாமல் வருபவை வேறு. குளிக்கவும் தலைவாரவும் மனமின்மை, முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மை, தோழிகளிடமிருந்து ஒதுங்குதல் ஆகிய இவற்றைத்தான் "சோம்பேறித்தனம்", "திமிர்" என்று வீட்டார் பெயரிட்டுவிடுகின்றனர். பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் நோய் தொடங்குகிறது. பெண்களுக்குச் சற்றுத் தாமதமாக வருவதுண்டு. உலகம் முழுவதும் ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் பேருக்கு இந்நோய் உள்ளதென்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஒருவருடைய வாழ்நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு ஒருவர் என்பது பாடநூல்கள் தரும் கணக்கு.

இனி டோப்பமினுக்கு வருவோம். இக்கதையின் தொடக்கத்தில் நம் நாட்டுச் செடிகள் இரண்டு இருக்கின்றன என்பது படிக்கும்போது எங்களுக்கு வியப்பளித்தது.

ஒன்று சர்ப்பகந்தி. அதன் வேரை வடநாட்டில் பித்துக்கு மருந்தாக நெடுங்காலம் கொடுத்து வந்தனர். "பாகல் கி தவா", அதாவது பைத்தியத்துக்கு மருந்து, என்பதே அதன் வழக்குப் பெயர். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு வங்காள மருத்துவர்கள், இவ்வேர் ரத்தக் கொதிப்பையும் மனக் கொந்தளிப்பையும் தணிக்கிறது என்று எழுதினர். 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவன விஞ்ஞானிகள் அதிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். மற்றொரு செடி, தொட்டால் அரிக்கும் பூனைக்காலி. அதன் விதையிலிருந்து எல்-டோப்பா என்னும் பொருளை 1937இல் பிரித்தெடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும் ஆவர். நம் உடலில் டோப்பமின் உண்டாவது இந்த டோப்பாவிலிருந்துதான். ஆனால் அன்று டோப்பமினுக்கு மூளையில் வேலை உண்டென்று உலகில் யாருக்கும் தெரியாது.

1957இல் இங்கிலாந்தின் ரன்வெல் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் கேத்லீன் மாண்டகு என்ற பெண்மணி, மூளைத் திசுவில் டோப்பமின் இருப்பதைக் கண்டு எழுதினார். (பாடநூல்களில் இவர் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. பெண்கள் பள்ளி மலரிலாவது இருக்கட்டும்.) அதே ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். காதுகள் தொங்க, அசைவற்று அமர்ந்துவிட்டன முயல்கள். பிறகு டோப்பாவை ஊசி வழியே செலுத்தினார். சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின. ரெசர்பின் மூளையின் டோப்பமினைக் காலி செய்துவிட்டது, டோப்பா அதனை மீண்டும் நிரப்பிவிட்டது என்பது அடுத்தடுத்த சோதனைகளில் தெளிவாயிற்று. டோப்பமின் தானே ஒரு நரம்புத் தூதுப்பொருள் என்று நிறுவிய கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கிடையே பாரிஸ் நகரில் வேறொரு திசையிலிருந்து மருந்து வந்தது. குளோர்ப்ரோமசின் என்னும் பொருளை அறுவை மருத்துவர் ஆன்றி லபோரி நோயாளிகளை அமைதிப்படுத்தப் பயன்படுத்தினார். 1952இல் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ஜான் டிலேயும் பியேர் டெனிக்கரும் அதனை மனநோயாளிகளுக்குக் கொடுத்தனர். ஆண்டுக்கணக்கில் குரல்களோடு சண்டையிட்டுக் கொண்டிருந்தவர்கள் தெளிவடைந்தனர். ஆனால் ஏன் தெளிவடைந்தனர் என்று கொடுத்தவர்களுக்கே தெரியவில்லை. 1963இல் கார்ல்சனும் லிண்ட்குவிஸ்டும் எலிகளில் செய்த சோதனையிலிருந்து ஒரு விடையை ஊகித்தனர். அம்மருந்து டோப்பமினைக் குறைக்கவில்லை, டோப்பமின் சென்று அமரும் இடத்தை அடைத்துக் கொள்கிறது என்பதே அவ்விடை.

அந்த இடத்துக்குத்தான் ஏற்பி என்று பெயர். இதனை நாம் நாள்தோறும் பேருந்தில் காண்கிறோம். ஜன்னல் வழியே ஒருவர் துண்டைப் போட்டு இருக்கையைப் பிடித்துவிடுகிறார். துண்டு உட்காருவதில்லை, ஆனால் உட்கார வந்தவர் நின்றுகொண்டே போக வேண்டியதுதான். ஒரு நரம்பணு வெளியிடும் டோப்பமின், அடுத்த நரம்பணுவின் மேலுள்ள ஏற்பியில் அமர்ந்தால்தான் செய்தி போய்ச் சேரும். மருந்து போட்ட துண்டு அங்கே கிடந்தால் செய்தி நின்றுவிடும். 1975, 1976ஆம் ஆண்டுகளில் டொரான்டோவில் பிலிப் சீமனும், பால்டிமோரில் சாலமன் ஸ்னைடரின் குழுவினரும் இதனை அளந்தே காட்டினர். ஏற்பியை இறுகப் பற்றும் மருந்து சிறிய அளவிலேயே நோயைத் தணிக்கிறது. தளர்வாகப் பற்றும் மருந்து அதிக அளவில் தேவைப்படுகிறது. மருந்துகளை வரிசையாகக் குறித்தபோது இரண்டும் ஒரே கோட்டில் நின்றன. பிற்காலத்தில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிலையத்தில் நோயாளிகளின் மூளையைப் படம்பிடித்துப் பார்த்து, ஏற்பிகளில் நூற்றுக்கு 65 முதல் 80 வரை அடைபட்டால் பலன் கிடைக்கிறது என்றும், 80ஐத் தாண்டினால் கைநடுக்கமும் உடல் விறைப்பும் வருகின்றன என்றும் கண்டனர். மருந்து சாப்பிடும் ஒருவர் விறைப்பாக நடப்பதைப் பார்த்து நாம் சிரித்ததுண்டு. அது நோயின் கோலமன்று, மருந்தின் அளவு சற்றுக் கூடியதன் அடையாளமாக இருக்கலாம். மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார்.

டோப்பமின் ஏற்பிகள் ஐந்து வகை. டி1, டி5 ஒரு குடும்பம். டி2, டி3, டி4 மற்றொரு குடும்பம். ஒவ்வொன்றும் ஒரு புரதம். ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு ஜீன். டி2 ஏற்பியின் ஜீனை 1988இல் எலியிலும், அடுத்த ஆண்டில் மனிதனிலும் பிரித்தெடுத்தனர். அது நமது 11ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் உள்ளது. டி3இன் ஜீன் 3ஆம் குரோமோசோமில், டி4இன் ஜீன் மீண்டும் 11ஆம் குரோமோசோமில், ஆனால் குட்டைக் கையின் நுனியில். டி1 ஐந்திலும், டி5 நான்கிலும் இருக்கின்றன. மனச்சிதைவு மருந்துகள் பிடிப்பது டி2 ஏற்பியை. எனவே டி.ஆர்.டி.2 என்னும் அதன் ஜீனில் ஏதோ கோளாறு, அதுதான் தலைமுறை தலைமுறையாக வருகிறது என்று முடிவு கட்டிவிடத் தோன்றுகிறதல்லவா? எங்கள் அட்டையும் அதைத்தான் செய்தது. தலைவலிக்கு மாத்திரை போட்டால் வலி போகிறது. அதனால் மாத்திரை இல்லாமையே தலைவலிக்குக் காரணம் என்று யாராவது சொல்வார்களா?

ஆனாலும் இந்நோய் குடும்பங்களில் வருகிறது என்பது பொய்யன்று. இதை எப்படி உறுதி செய்தார்கள் என்பது அறியத்தக்கது. ஒரு காலத்தில், அன்பில்லாத தாயின் வளர்ப்புதான் இந்நோயைத் தருகிறது என்று மேல்நாட்டு மருத்துவர்கள் பலர் நம்பினர். 1948இல் ஃபிரீடா ஃப்ரோம்-ரைக்மன் அத்தகைய தாய்க்கு ஒரு பெயரையே கொடுத்துவிட்டார். எத்தனை தாய்மார் அந்தப் பழியைச் சுமந்து அழுதார்களோ! 1966இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் லெனர்ட் ஹெஸ்டன் ஓர் ஆய்வை வெளியிட்டார். மனச்சிதைவு நோயுள்ள தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த மூன்று நாட்களுக்குள் பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரை அவர் தேடிக் கண்டார். அவர்களுள் 5 பேருக்கு நோய் வந்திருந்தது. நோயற்ற தாய்மாருக்குப் பிறந்து அவ்வாறே பிரிந்து வளர்ந்த 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. வளர்ப்பு நோயைத் தரவில்லை, பிறப்போடு ஏதோ வருகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், நோயுள்ள தாய்க்குப் பிறந்த 47 பேரில் 42 பேருக்கு நோய் வரவில்லை என்பதும் தெளிவு. முதல் பாதியை மட்டும் ஊர் சொல்லும். இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்வதே முழுக்கணக்கு.

இரட்டையர் கணக்கும் இதையே சொல்கிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு ஜீன்கள் அனைத்தும் ஒன்றே. 2018இல் டென்மார்க் நாட்டு இரட்டையர் பதிவேட்டைக் கொண்டு வெளியான ஆய்வின்படி, அத்தகைய இரட்டையருள் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது நூற்றுக்கு 33. இரு கருவில் பிறந்த இரட்டையரில் இது 7. ஜீன்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் ஜீன்கள் மட்டுமே விதியானால் 33 என்பது 100 ஆக அல்லவா இருக்க வேண்டும்? அதே ஆய்வு இந்நோயின் மரபுப்பங்கை நூற்றுக்கு 79 என்று மதிப்பிட்டது. இந்த எண்ணை நாங்கள் முதலில் தவறாகவே புரிந்துகொண்டோம். நோயாளியின் மகளுக்கு நோய் வர 79 வாய்ப்பு என்று நினைத்துத் திடுக்கிட்டோம். அப்படியன்று. ஒரு மக்கள்கூட்டத்தில் சிலருக்கு நோய் வருவதும் பலருக்கு வராததுமாகிய வேறுபாட்டில், எவ்வளவு பகுதி ஜீன் வேறுபாடுகளால் விளைகிறது என்பதுதான் அது. தனி ஒருவரின் எதிர்காலத்தைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது.

ஜீன்களைத் தேடிய கதை சற்று வேடிக்கையானது. எங்களுக்கு ஆறுதலும் தந்தது. 1992இல் பிரான்சிலும் வேல்சிலும் நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், டி3 ஜீனில் ஓரிடத்தில் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே வடிவத்தைப் பெற்றவர்கள் நோயாளிகளிடையே அதிகம் என்றனர். உடனே பல நாடுகளில் சோதித்தனர். சிலர் ஆம் என்றனர், சிலர் இல்லை என்றனர். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டியபோது அந்தத் தொடர்பு கரைந்து போயிற்று. 1993இல் இறந்த நோயாளிகளின் மூளையில் டி4 ஏற்பி ஆறு மடங்கு கூடியிருப்பதாகச் செய்தி வந்தது. குளோசப்பின் என்னும் வலிய மருந்து டி4ஐ இறுகப் பற்றுவதும் அப்போது தெரிந்திருந்தது. பூட்டும் சாவியும் கிடைத்துவிட்டன என்று மகிழ்ந்து, டி4ஐ மட்டும் அடைக்கும் மருந்தைச் செய்தனர். 1997இல் சோதனை முடிவு வந்தது. நோயாளிகளுக்கு அம்மருந்தால் ஒரு பயனும் இல்லை. ஆறு மடங்கு என்ற செய்தியையும் மற்றவர்களால் உறுதி செய்ய முடியவில்லை. டி2 ஜீனும் தப்பவில்லை. 2008இல் 1,870 நோயாளிகளையும் 2,002 பிறரையும் ஒப்பிட்டு, அதுவரை பெரிதாகப் பேசப்பட்ட 14 ஜீன்களை ஒருசேரச் சோதித்தனர். அதில் டி.ஆர்.டி.2வும் இருந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. எங்கள் குறிப்பேடு இந்தச் சோதனைக்கு முந்தியது போலும்!

ஏன் இத்தனை ஏமாற்றம்? சில நூறு பேரை மட்டும் பார்த்தால், தற்செயலும் உண்மை போலவே தோன்றும். காசை நான்கு முறை சுண்டி நான்கு முறையும் தலை விழுந்தால், காசில் ஏதோ சூழ்ச்சி என்று நினைப்பது போன்றது அது. ஆயிரம் முறை சுண்டினால்தான் காசின் குணம் தெரியும். எனவே பல நாட்டு ஆய்வாளர்கள் ஒன்று கூடித் தங்கள் தரவுகளைச் சேர்த்தனர். இம்முறை, "இந்த ஜீன்தான்" என்று முன்கூட்டியே எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. குரோமோசோம்கள் முழுவதையும் தேடினர். 2014 ஜூலையில் நேச்சர் இதழில் முடிவு வந்தது. 36,989 நோயாளிகள், 1,13,075 பிறர். நோயோடு தொடர்புடையவையாக 108 இடங்கள் கிடைத்தன. அந்த 108இல் ஒன்று டி.ஆர்.டி.2 அருகே இருந்தது! டோப்பமின் ஏற்பி ஜீன்கள் ஐந்தில் அது ஒன்றே பட்டியலில் இடம்பெற்றது.

1952இல் பாரிஸில் காரணம் தெரியாமல் கொடுத்த மருந்து ஒரு வழியில் டி2வுக்கு வந்து சேர்ந்தது. அறுபதாண்டுகளுக்குப் பிறகு, மருந்தைப் பற்றியே எண்ணாமல் டி.என்.ஏ.வை மட்டும் தேடியவர்கள் வேறு வழியில் அதே வாசலுக்கு வந்தனர். இது உண்மையிலேயே பெரிய செய்திதான். அப்படியானால் எங்கள் அட்டை சரிதானே என்று எங்களுள் ஒருத்தி துள்ளிக் குதித்தாள். டீச்சர் அவளிடம் கணக்குப் போடச் சொன்னார். டி.ஆர்.டி.2 அருகேயுள்ள அந்த மாறுபாடு நோயின் வாய்ப்பைக் கூட்டுவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அது இல்லாத ஆயிரம் பேரில் 10 பேருக்கு நோய் வருமானால், அது உள்ள ஆயிரம் பேரில் 11 பேருக்குக்கூட வராது. தவிர, அது அரிதான கோளாறும் அன்று. நோயற்ற கோடிக்கணக்கானவர்களிடமும் இருப்பது. எங்கள் வகுப்பிலேயே பலரிடம் இருக்கும்.

2022இல் 76,755 நோயாளிகளையும் 2,43,649 பிறரையும் கொண்டு தேடியபோது 108 என்பது 287 இடங்களாயிற்று. தேரை இழுப்பதைப் பார்த்திருக்கிறோம். நூற்றுக்கணக்கான கைகள் வடத்தைப் பிடிக்கின்றன. தேர் நகர்ந்தது எந்தக் கையால் என்று கேட்க முடியுமா? ஒரு கையை எடுத்துவிட்டாலும் தேர் நகரும். ஒரு கை மட்டும் இழுத்தால் அசையாது. டி.ஆர்.டி.2 அந்த வடத்தைப் பிடித்த ஒரு கை. மற்றக் கைகளுள் பல டோப்பமினோடு நேர்த்தொடர்பு இல்லாதவை. குளூட்டமேட் என்னும் வேறொரு தூதுப்பொருளின் ஏற்பிகள் உண்டு. 6ஆம் குரோமோசோமில் நோய் எதிர்ப்போடு தொடர்புடைய சி4 ஜீன் உண்டு. வளரும் மூளையில் நரம்பு இணைப்புகளைக் கழித்துவிடும் வேலையில் அதற்குப் பங்குண்டு என்று 2016இல் கண்டனர். அரிதாகவே காணப்படும், ஆனால் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டும் மாறுபாடுகள் உள்ள 10 ஜீன்களையும் 2022இல் இனங்கண்டனர். அவற்றுள் டோப்பமின் ஏற்பி ஜீன் ஒன்றுகூட இல்லை.

இவ்வளவு பேரைச் சோதித்தும் அவர்களுள் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர் என்பது ஒரு குறை. நம்மவர் ஜீன்களையும் தேட வேண்டாமா? சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனமாகிய ஸ்கார்ஃப், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து இப்பணியைச் செய்துள்ளது. 2019இல் வெளியான அவர்களது ஆய்வு, 8ஆம் குரோமோசோமில் ஓரிடத்தைச் சுட்டியது. அது நயாசின் என்னும் பி3 வைட்டமினை உடல் கையாளும் வழியோடு தொடர்புடைய ஜீன். சாரதா மேனன் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்பதை இங்கே குறிப்பிடாமல் செல்ல எங்களுக்கு மனமில்லை. 98ஆம் வயதில், 2021 டிசம்பரில் அவர் மறைந்தார்.

ஜீனுக்கு வெளியேயும் காரணங்கள் உண்டு. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்து நாட்டில் போரினால் கடும் பஞ்சம் வந்தது. அப்போது கருவுற்ற தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் இந்நோய் ஏறத்தாழ இருமடங்காக வந்தது. 1959-61இல் சீனாவில் வந்த பஞ்சத்திலும் அவ்வாறே. பேறுகாலச் சிக்கல்கள், இளம்வயதில் கஞ்சாப் பழக்கம் ஆகியனவும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. கடைசியில் சொன்னது அண்ணன் தம்பிமார் உள்ள தோழியர் கவனத்துக்கு.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். பல குடும்ப ஆய்வுகளைத் தொகுத்து இர்விங் காட்டஸ்மன் 1991இல் தந்த கணக்கு இது. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கு நூற்றுக்கு 13, உடன்பிறந்தவருக்கு 9, உடன்பிறந்தவரின் பிள்ளைக்கு 4, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகளுக்கு 2, யாருக்கும் நோய் இல்லாத குடும்பத்தில் 1. அந்த அம்மாவின் அக்காவுக்கு நோய். ஆகவே மகளுக்கு 4. அதாவது நூறு பேரில் 96 பேருக்கு வராது. "வரும்" என்று நாங்கள் ஒரே சொல்லில் சொன்னோமே, அந்தச் சொல்லுக்குள் இந்த 96 பேரும் அகப்பட்டுக் கொண்டார்கள். இன்னொன்றும் உண்டு. நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு நோயுற்ற பெற்றோரோ உடன்பிறந்தவரோ இல்லை. "எங்கள் வம்சத்திலே கிடையாது" என்று பெண்பார்க்க வந்தவர் சொல்வது அவர் நினைப்பது போல் உறுதிச்சீட்டு ஆகாது.

ரத்தத்தைச் சோதித்து இந்த ஜீன் இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். பார்க்கலாம், பயனில்லை. டி.ஆர்.டி.2 மாறுபாடு இருந்தால் நோய் வரும் என்றோ, இல்லாவிட்டால் வராது என்றோ எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஜீன் சோதனையால் இந்நோயைக் கண்டறிவதும் இல்லை. மருத்துவர் நோயாளியோடும் வீட்டாரோடும் பேசித்தான் அறிகிறார். ஒரு விலக்கு மட்டும் உண்டு. 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டே இல்லாமல் பிறக்கும் சிலருக்கு வாய்ப்பு மிக அதிகம். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இத்தகைய மனநோய் வருகிறது. அது பெரும்பாலும் பிறவி இதயக் கோளாறு போன்ற வேறு அடையாளங்களோடு சிறுவயதிலேயே தெரிய வரும் தனி நிலை.

அந்த அம்மாவின் அக்காவைப் பற்றியும் சில சொற்கள் சொல்ல வேண்டும். கண்காட்சியில் நாங்கள் அவரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. இருபதாண்டு நோய் என்றால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பலர் எண்ணுகின்றனர். 1981இல் சென்னையில் முதன்முதலாக நோயுற்ற 90 பேரைத் தேர்ந்து, ஆண்டுதோறும் பின்தொடர்ந்தனர். பத்தாம் ஆண்டில் அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நோய்க்குறிகள் இன்றி இருந்தனர். மருந்தைத் தாமே நிறுத்திவிடுவதுதான் நோய் திரும்ப வருவதற்குப் பெரிய காரணம். குரல் நின்றுவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று தோன்றும். துண்டை எடுத்தால் இருக்கை மீண்டும் காலி என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மாத்திரையை மறப்பவர்களுக்கு, சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு புதிய மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஸானோமெலின், டிராஸ்பியம் என்னும் இரண்டும் சேர்ந்த அம்மருந்து டி2 ஏற்பியைத் தொடுவதே இல்லை; அசிட்டைல்கோலின் என்னும் மற்றொரு தூதுப்பொருளின் ஏற்பிகளில் வேலை செய்கிறது. எழுபதாண்டுகளாக ஒரே வாசலைத் தட்டிய மருத்துவத்துக்கு இரண்டாவது வாசல் திறந்திருக்கிறது.

நோய் தொடங்கியதிலிருந்து மருந்து தொடங்கும் வரை கழியும் காலம் நீள நீள, குணமாவது கடினமாகிறது. மந்திரித்துப் பார்ப்போம், கல்யாணம் செய்தால் சரியாகிவிடும், வெளியே தெரிந்தால் தங்கைக்கு வரன் வராது என்று காத்திருப்பதில்தான் அந்தக் காலம் கழிகிறது. ஜீனை நாம் மாற்ற முடியாது. இந்தக் காத்திருப்பைக் குறைக்க முடியும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் அரசுச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

எங்கள் அட்டை இப்போது உயிரியல் ஆய்வுக்கூடத்தில், எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. தலைப்பின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, "மனச்சிதைவு நோயின் வாய்ப்பைச் சிறிதளவு கூட்டும் நூற்றுக்கணக்கான ஜீன் மாறுபாடுகளுள் ஒன்று" என்று எழுதியிருக்கிறோம். நீளமான தலைப்பு; தூரத்திலிருந்து படிக்க முடிவதில்லை. அந்த அம்மாவின் மகள் எந்த வகுப்பு என்று கேட்க அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஆண்டு மலர் எல்லா வகுப்புக்கும் வழங்கப்படுவதால் இதனை இங்கே எழுதுகிறோம்.